முத்திரையில் ஒளிந்திருப்பது பாம்பா, விட்டுப்போன வரியா?

கொழிஞ்சாம்பாறையான் (சித்தூர் தாலுகா, பாலக்காடு)

எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் மூன்று தலைமுறைப் பட்டச் சான்றிதழ்கள் இருக்கின்றன. தாத்தா, அப்பா, நான் மூவரும் படித்தது பாலக்காடு விக்டோரியா கல்லூரியில்தான். ஆனால் மூன்றிலும் வேறு வேறு முத்திரை. தாத்தாவுடையது சென்னைப் பல்கலைக்கழகம், புலியும் யானையும் போட்டது. அப்பாவுடையது கேரளப் பல்கலைக்கழகம், சங்கு. என்னுடையது காலிகட். கல்லூரி இருந்த இடத்திலேயேதான் இருந்தது. மலபார் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்தவரை புலி. 1956இல் மாநிலங்கள் பிரிந்து, 1957இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் கேரளப் பல்கலைக்கழகமாக மாறிய பிறகு சங்கு. 1968இல் காலிகட் பல்கலைக்கழகம் தொடங்கியதும் அந்த முத்திரை. எல்லையோரத்தில் இருக்கும் நம்மில் பலர் வீட்டிலும் இப்படித்தான் இருக்கும்.

இப்போது எழுதக் காரணம் வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு வீடியோ. தென்னிந்தியப் பல்கலைக்கழக முத்திரைகளில் உள்ள பாம்பு, ஸ்வஸ்திகா, தாமரை, சூரியன் எல்லாம் ஏதோ ரகசியச் சங்கத்தின் குறிகள் என்கிறது அது. அண்ணன் மகள் கல்லூரியில் முதலாம் ஆண்டு. அவள் அதை அனுப்பி, "சித்தப்பா, இது நிஜமா?" என்று கேட்டாள். பொய் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட மனமில்லை. அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அந்தக் காகிதங்களுக்கு உறை போட்டுப் பாதுகாத்த எங்கள் வீட்டில், அந்தப் புலி ஏன் அங்கே நடக்கிறது என்று யாருமே கேட்டதில்லை.

சென்னையில் இருந்து தொடங்குகிறேன். அது 1857இல் நிறுவப்பட்டது. முத்திரை ஆங்கிலேயக் கேடய மரபில் வரையப்பட்டது. வெள்ளிநிறத் தளம், கீழே பச்சை மேடு, அதன்மேல் நடக்கும் புலி. மேலே கறுப்புப் பட்டை, அதில் இரண்டு யானைத் தலைகள், நடுவில் பொன்னிறச் செங்குத்துப் பட்டையில் ஒரு தாமரை. புலி என்றால் சோழன் என்று நமக்கு உடனே தோன்றும். ஆனால் முத்திரையின் முறையான வர்ணனையில் சோழனும் இல்லை, பாண்டியனும் இல்லை. எந்த நிறம், எந்த விலங்கு, எந்த நிலை என்பது மட்டும்தான் இருக்கிறது. அடியில் லத்தீனில் ஒரு வாசகம்: 'டாக்ட்ரினா விம் ப்ரொமோவெட் இன்சிதம்'. பிறவியிலேயே உள்ள ஆற்றலைக் கல்வி வளர்க்கிறது என்பது பொருள்.

மற்ற முத்திரைகளைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கேள்விப்பட்டது வேண்டாம், தெரிந்ததைச் சொல்லுங்கள்.

மறைபொருள்

அந்த வீடியோவை நானும் பார்த்தேன். அதில் சொல்வது எல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆந்திரப் பல்கலைக்கழக முத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். நாகம் இருக்கிறது, ஸ்வஸ்திகா இருக்கிறது. சென்னை அடையாறில் 1882 முதல் தலைமையகம் வைத்திருக்கும் பிரம்மஞான சபையின் (தியோசாபிகல் சொசைட்டி) சின்னத்தைப் பாருங்கள். அதிலும் பாம்பு, அதிலும் ஸ்வஸ்திகா. அந்தக் காலத்தில் படித்தவர்கள் பலர் அந்தச் சபையோடு தொடர்பில் இருந்தார்கள். இதைத் தற்செயல் என்று எப்படித் தள்ளுவது? ஒளிவு மறைவு இல்லாவிட்டால், எந்தப் பல்கலைக்கழகமாவது தன் மாணவனுக்கு முதல் நாளே முத்திரையின் பொருளைச் சொல்லிக் கொடுத்ததா?

நகரிக்காரர் (ஆந்திரச் சித்தூர் மாவட்டத் தமிழன், விசாகப்பட்டினத்தில் படித்தவன்)

மறைபொருள் தம்பி, கடைசிக் கேள்வி நல்ல கேள்வி. எனக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, நானாகத் தேடித்தான் தெரிந்துகொண்டேன். ஆனால் அது பூட்டி வைத்த விஷயம் இல்லை. பல்கலைக்கழகமே விளக்கம் எழுதி வைத்திருக்கிறது. உதிக்கும் சூரியன் பல்கலைக்கழகம், கதிர்கள் அதன் பல துறைகள். மலர்ந்த தாமரை லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் ஆசனம். ஸ்வஸ்திகா மங்கலக் குறி. நாகங்கள் ஞானத்தைத் தேடுபவையும் காப்பவையும். வரைந்தவர் கவுதா ராமமோகன சாஸ்திரி என்ற ஓவியர். வழிகாட்டியவர் முதல் துணைவேந்தர் கட்டமஞ்சி ராமலிங்க ரெட்டி. எல்லோரும் சி.ஆர். ரெட்டி என்பார்கள். எங்கள் சித்தூரை ஒட்டிய கட்டமஞ்சியில் 1880இல் பிறந்தவர்.

பாம்பு விஷயத்துக்கு வருகிறேன். பிரம்மஞான சபையின் பாம்பு வட்டமாகச் சுருண்டு தன் வாலையே கவ்வும் ஒற்றைப் பாம்பு. அதன் மூலம் எகிப்து, கிரேக்கம் என்று போகும். ஆந்திர முத்திரையின் நாகங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் அமராவதிக் கற்கள் இருக்கின்றன, போய்ப் பாருங்கள். தூபியைக் காக்கும் நாகங்கள், வட்ட வட்டமாகத் தாமரைகள், புத்தர் பாதத்தில் ஸ்வஸ்திகா. கிருஷ்ணா நதிக்கரையில் கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் செதுக்கியவை. 1926இல் பெஜவாடாவில் (இன்றைய விஜயவாடா) தொடங்கிய பல்கலைக்கழகத்துக்கு அதே நதிக்கரைக் கலையில் இருந்து சின்னம் கிடைத்தது என்பதுதான் என் கணிப்பு. அதற்கும் போக முடியாதவர்கள் ஊர் அரசமரத்தடி நாகக்கல்லைப் பார்க்கலாம். இரண்டு பாம்புகள் பின்னிக் கிடக்கும். அதில் மஞ்சள் தடவும் பாட்டி எந்தச் சபையிலும் உறுப்பினர் இல்லை.

ஆனால் நான் இங்கே எழுத வந்தது பாம்புக்காக இல்லை. முத்திரையின் மேலே 'தேஜஸ்வி நாவதீதமஸ்து' என்று இருக்கிறது. நாம் இருவரும் கற்றது ஒளி பெறட்டும் என்று அர்த்தம். கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கும் இதே வாசகம்தான். இது தைத்திரீய உபநிடதத்தில் வரும் சாந்தி மந்திரம். குருவும் சீடனும் பாடம் தொடங்கும்முன் சேர்ந்து சொல்வது. நம் இருவரையும் சேர்த்துக் காக்கட்டும், சேர்த்து ஊட்டட்டும், சேர்ந்து முயல்வோம், கற்றது ஒளி பெறட்டும் என்று போகும். அதற்கு அடுத்தது 'மா வித்விஷாவஹை'. நாம் ஒருவரை ஒருவர் வெறுக்காதிருப்போம்.

அந்த வரி முத்திரையில் இல்லை. ஒளி வரைக்கும் எடுத்துக்கொண்டு வெறுப்பை விட்டுவிட்டார்கள். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. ஆசிரியனுக்கும் மாணவனுக்கும் இடையில் வெறுப்பு வளரக்கூடும், அறிவே அதற்குக் காரணமாகக்கூடும் என்று அந்தக் காலத்திலேயே அறிந்து, பாடம் தொடங்கும் முன்பே அதைத் தடுத்து வேண்டியிருக்கிறார்கள். நான் படித்த காலத்தில் ஓர் ஆசிரியர், சித்தூர்க்காரன் என்றால் தெலுங்கா தமிழா என்று வகுப்பு நடுவில் எழுப்பிக் கேட்பார். இரண்டும் என்றால் அவருக்குப் பிடிக்காது. அந்த ஐந்தாவது வரியும் கட்டிடத்தின் மேல் எழுதியிருந்தால், நான் அவர் முன் நிமிர்ந்து நின்றிருப்பேன்.

கொழிஞ்சாம்பாறையான்

நகரி அண்ணா, இதைப் படித்ததும் சென்னையின் லத்தீன் வாசகத்தைத் தேடிப் போனேன். அதுவும் வெட்டி எடுத்ததுதான்!

மூலம் ரோமானியக் கவிஞர் ஹொரேஸ். அவருடைய பாடல்களின் நான்காம் புத்தகத்தில் நான்காவது பாட்டு. அகஸ்டஸ் சீசரின் மனைவிக்கு அவளுடைய முதல் கணவர் மூலம் பிறந்த மகன் துரூசுஸ் ஆல்ப்ஸ் மலைப் பழங்குடிகளை வென்றதைப் புகழ்வது. அதில் இந்த வாசகத்துக்கு முந்தைய வரிகளைக் கேளுங்கள். வீரர்கள் வீரர்களுக்குத்தான் பிறப்பார்கள், காளைக்கும் குதிரைக்கும் தகப்பனின் திறன் வரும், கொடிய கழுகு சாதுவான புறாவைப் பெறாது. இவ்வளவும் சொல்லிவிட்டு, ஆனால் பிறவி ஆற்றலைக் கல்விதான் வளர்க்கிறது என்று திரும்புகிறார். மூலத்தில் அந்த 'ஆனால்' இருக்கிறது. முத்திரையில் அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டார்கள். அதோடு கழுகும் புறாவும் போய்விட்டன.

என் தாத்தா விவசாயக் குடும்பத்தில் இருந்து முதல்முதலாகப் பட்டம் வாங்கியவர். அவருடைய சான்றிதழின் அடியில், பிறப்பால்தான் எல்லாம் என்று பாடிய ஒரு பாட்டில் இருந்து எடுத்த வரி. அதற்கு முந்தைய வரிகள் அவருக்கு எதிராகப் பேசுகின்றன, இந்த வரி அவர் பக்கம் நிற்கிறது. இதைவிடப் பெரிய ரகசியம் எந்த வீடியோவில் இருக்கிறது?

ஏலப்பாறை (பீர்மேடு)

நல்ல இழை அண்ணா. நான் தோட்டப் பகுதிப் பள்ளியில் தமிழ் ஆசிரியை. எங்கள் இடுக்கிப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனால் கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகப் பட்டம்தான். 1983இல் வந்தது. அதன் வாசகம் 'வித்யயா அம்ருதமஷ்ணுதே'. கல்வியால் அமிழ்தத்தை அடைகிறான். ஈசாவாஸ்ய உபநிடதம், பதினோராவது மந்திரம்.

நீங்கள் இருவரும் எழுதியதைப் பார்த்துவிட்டு மந்திரத்தை முழுதாக எடுத்துப் பார்த்தேன். வித்தை, அவித்தை இரண்டையும் சேர்த்து அறிந்தவன், அவித்தையால் மரணத்தைக் கடந்து, வித்தையால் அமிழ்தத்தை அடைகிறான் என்று இருக்கிறது. முத்திரையில் கடைசிக் கால் பகுதி மட்டும். அவித்தை என்பதற்குச் செயல், கர்மம் என்று சங்கரர் உரை சொல்கிறார். மரணத்தைக் கடப்பது அதனால்தான். படிப்பு அதற்குப் பிறகு.

இதை வாசித்தவுடன் எனக்கு நினைவுக்கு வந்தது தேயிலைக் கொழுந்து எடுக்கும் அம்மாக்கள்தான். அட்டைக்கடி, மழை, முதுகில் கூடை. அந்தக் கூலியில் படித்த பிள்ளை பட்டமளிப்பு மேடையில் நிற்கும்போது, தலைக்கு மேல் உள்ள முத்திரை வித்தையை மட்டும் சொல்கிறது. மந்திரம் அப்படிச் சொல்லவில்லை. வேலை இல்லாமல் மரணத்தைத் தாண்ட முடியாது என்று முதலில் வேலையைத்தான் வைக்கிறது. உரைகாரர்கள் கர்மம் என்றது வேள்விச் சடங்குகளை, அது எனக்கும் தெரியும். இருந்தாலும் எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) நின்று படித்தால் எனக்கு இப்படித்தான் கேட்கிறது, இதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மறைபொருள்

மூன்று முத்திரை, மூன்றிலும் பாதி வரி. இப்போது நான் கேட்பது வேறு. யார் வெட்டினார்கள், ஏன் வெட்டினார்கள்? தெரிந்தே மறைத்தார்களா?

மட்டுறுத்துநர்

நண்பர்களே, "இன்னார் மறைத்தார்" என்று உயிரோடு இருக்கும் எவர்மீதும் சொல்ல வேண்டாம். முத்திரை, வாசகம், கட்டிடம், சுவர் ஓவியம் பற்றிப் பேசுங்கள்.

பாறசாலை 56 (நெய்யாற்றின்கரை தாலுகா)

மறைபொருள் தம்பிக்கு என்னிடம் நேரான பதில் இல்லை. ஆனால் அவர் கேள்விக்கு மிகவும் கிட்டத்தில் வரும் ஒன்று இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேரளப் பல்கலைக்கழகத்தின் சங்கு பல்கலைக்கழகத்துக்கு என்று வரைந்தது இல்லை. அது திருவிதாங்கூர் அரசின் சங்கு. 1750இல் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாப சுவாமிக்கு எழுதி வைத்து, தன்னைப் பத்மநாபதாசன் என்று சொல்லிக்கொண்டார். அதன்பின் சுவாமியின் சங்குதான் அரசின் அடையாளம். கொடியில் சங்கு. 1888இல் வந்த அஞ்சல் தலையில் சங்கு. இன்றைய கேரள அரசு முத்திரையிலும் இரண்டு யானைகளுக்கு நடுவே அதே சங்கு நிற்கிறது. 1937இல் சித்திரைத் திருநாள் மகாராஜா பல்கலைக்கழகம் தொடங்கியபோது அந்தச் சங்கு அங்கேயும் போனது. முந்தைய வருடம்தான், எல்லாச் சாதி இந்துக்களுக்கும் கோயில்களைத் திறந்துவிட்ட ஆலயப் பிரவேச விளம்பரம்.

எங்கள் பக்கத்துத் தமிழர்களுக்கு இந்தச் சங்கு ஒரே பொருள் தருவதில்லை. நாகர்கோவில், தக்கலை, குழித்துறைப் பிள்ளைகள் அந்தச் சங்கு போட்ட பட்டத்தைத்தான் வாங்கினார்கள். அதே சங்கு போட்ட அரசிடம் இருந்து பிரிய வேண்டும் என்றுதான் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1954 ஆகஸ்ட் 11 மார்த்தாண்டம், புதுக்கடைத் துப்பாக்கிச் சூட்டை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும்போது குரல் மாறிவிடும். அப்போது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம் ஆகியிருந்தது, ஆனாலும் அவர்கள் பேச்சில் அது சங்கு சர்க்கார்தான். 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. பாறசாலை இந்தப் பக்கமே நின்றது. பத்மநாபபுரம் அரண்மனை அந்தப் பக்கம் போயும் கேரள அரசின் கையில் இருக்கிறது. இப்படி நடுவில் கோடு விழுந்த ஊர்க்காரனிடம் சங்குக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால், ஒரு வரியில் சொல்ல முடியாது.

சரி, வாசகத்துக்கு வருகிறேன். 'கர்மணி வ்யஜ்யதே ப்ரஜ்ஞா'. அறிவு செயலில் வெளிப்படுகிறது. பஞ்சதந்திரத்திலும் இதோபதேசத்திலும் வரும் ஒரு சுலோகம். முழுச் சுலோகம் இது:

மந்த்ரிணாம் பின்னஸந்தானே பிஷஜாம் ஸாந்நிபாதிகே
கர்மணி வ்யஜ்யதே ப்ரஜ்ஞா ஸ்வஸ்தே கோ வா ந பண்டித:

உடைந்த உறவை ஒட்டவைக்கும்போது மந்திரியின் அறிவு தெரியும். சன்னிபாதம் (மூன்று தோஷமும் சேர்ந்து கெடும் கடும் நோய்) கண்ட நோயாளியிடம் வைத்தியனின் அறிவு தெரியும். எல்லாம் சுகமாக இருக்கும்போது யார்தான் பண்டிதன் இல்லை?

இனி யோசித்துப் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் யார்? திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர். நாட்டின் மந்திரியேதான். மந்திரியைச் சோதிக்கும் சுலோகத்தில் இருந்து, மந்திரி என்ற சொல் வரும் வரியை விட்டுவிட்டு நடுப்பகுதியை மட்டும் முத்திரையில் வைத்திருக்கிறார்கள். வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. வாசகம் என்றால் சின்னதாக இருக்க வேண்டும், வட்டத்துக்குள் அடங்க வேண்டும். ஆனால் அடுத்த பத்து வருடம் நடந்ததைப் பாருங்கள். 1946இல் புன்னப்ர-வயலார் தொழிலாளர் எழுச்சி. 1947இல் தனித் திருவிதாங்கூர் என்ற அறிவிப்பு. அந்த ஜூலையில் அவர்மீது நடந்த வெட்டு. அதன்பின் பதவி விலகிப் போனார். உடைந்ததை ஒட்டவைக்கும் வேளை வந்தபோது மந்திரியின் அறிவு என்ன ஆனது என்று சுலோகத்தின் முதல் வரி கேட்கிறது. முத்திரையில் அந்த வரி இல்லாததால் யாரும் கேட்கவில்லை.

அவர் செய்த நல்லதையும் சொல்ல வேண்டும். பள்ளிவாசல் நீர்மின் திட்டம், ஆலயப் பிரவேசத்தில் அவர் பங்கு, இந்தப் பல்கலைக்கழகம். அதனால்தான் சுலோகம் அவருக்கு இவ்வளவு பொருந்துகிறது.

நகரிக்காரர்

அண்ணாச்சி, கடைசி வரி நெஞ்சில் நிற்கிறது. 'எல்லாம் சுகமாக இருக்கும்போது யார்தான் பண்டிதன் இல்லை?' இதைப் பட்டமளிப்பு விழாவில் கேட்டால் மேடையில் இருப்பவர்களும் கொஞ்சம் யோசிப்பார்கள்.

குப்பம் ஜங்ஷன்

வெட்டுவது வடமொழிக்காரரும் லத்தீன்காரரும் மட்டும் செய்வது இல்லை. நம் பள்ளிக்கூடச் சுவர்களைப் பாருங்கள். 'கற்க கசடற' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். 'நிற்க அதற்குத் தக' பல இடங்களில் இருக்காது. படிக்கச் சொல்லும் பாதி சுவரில் இருக்கிறது, நடக்கச் சொல்லும் பாதிக்கு இடம் இல்லை. மறைபொருள் கேட்ட "யார் வெட்டினார்கள்" என்பதற்கு என் பதில் இதுதான். வாசகம் எழுதுகிற கை எங்கேயும் சுலபமான பாதியைத்தான் எடுக்கும். அதற்கு ரகசியச் சங்கம் தேவையில்லை.

இன்னொன்று. இத்தனை முத்திரை பேசினோம், ஒன்றிலாவது தமிழ் எழுத்து இருக்கிறதா? சென்னையில் லத்தீன், மற்றதில் எல்லாம் சமஸ்கிருதம். சித்தூர் கல்லூரியில், பாலக்காட்டுச் சித்தூரைச் சொல்கிறேன், தமிழ்த் துறை இருக்கிறது. திருவனந்தபுரம் யுனிவர்சிட்டி கல்லூரியிலும் இருக்கிறது. 'மனோன்மணீயம்' எழுதிய பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை 1855இல் ஆலப்புழையில் பிறந்து திருவனந்தபுரத்தில் பாடம் நடத்தினார். அவர் பெயரில் பல்கலைக்கழகம் வந்தது 1990இல், திருநெல்வேலியில். அவர் வாழ்ந்த ஊரின் முத்திரையில் அவருடைய மொழிக்கு இடம் இல்லை.

எங்கள் குப்பத்தில் 1997இல் திராவிடப் பல்கலைக்கழகம் வந்ததை அந்தக் குறைக்கு ஒரு பதிலாகவே பார்க்கிறேன். ஆந்திர அரசு தொடங்கி, தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் மூன்றும் துணை நின்றது. மூன்று மாநிலம் சந்திக்கும் இடம். வெளியே கடைத்தெருவில் ஒரே ஆள் மூன்று மொழியில் பேரம் பேசுவார். உள்ளே நான்கு மொழிக்கும் இடம்.

பாறசாலை 56

குப்பம் தம்பி, அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் சமஸ்கிருத வாசகத்தை நமக்கு வேற்று என்று தள்ளுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. மேலே ஏலப்பாறைத் தங்கை அந்த மந்திரத்தைக் கொழுந்துக் காட்டில் வைத்துப் படித்த மாதிரி யாராவது கோட்டயத்தில் படித்திருப்பார்களா? வரி யாருடையது என்பதைவிட யார் அதை முழுதாகப் படிக்கிறார்கள் என்பது முக்கியம்.

குப்பம் ஜங்ஷன்

ஏலப்பாறை அக்கா படித்தது அருமை, அதில் எனக்கும் மறுப்பு இல்லை. ஆனால் முழுதாகப் படித்துவிட்டால் மட்டும் தமிழ் எழுத்து முத்திரைக்குள் வந்துவிடாது அண்ணா. இரண்டையும் கேட்போம்.

சுவர்க்காவி (ஓவிய மாணவி, பாலக்காடு)

முத்திரையோடு வளாகச் சுவரையும் சேர்த்துக்கொள்ளலாமா? மட்டுறுத்துநர் ஐயா சுவர் ஓவியம் என்று சொன்னதால் தைரியமாக எழுதுகிறேன்.

நான் படித்த கல்லூரியில் ஒரு நீளச் சுவர் முழுக்க ஓவியம். ஒரு பக்கம் கேரளச் சுவரோவிய மரபில் பச்சை முகத்தோடு ஓர் உருவம். இன்னொரு பக்கம் எழுத்துபோல இருந்தும் வாசிக்க முடியாத குறிகள், கட்டங்கள், ஜாதகம் மாதிரி கோடுகள். இதைப் படம் பிடித்துப் போட்டு, மந்திரவாதக் குறி என்று ஒருவர் எழுதி, அதுவும் நிறையப் பரவியது.

பச்சை முகத்துக்கு மர்மம் ஒன்றும் இல்லை. கேரளச் சுவரோவியத்தில் ஐந்து நிறம்: மஞ்சள், சிவப்பு, பச்சை, கறுப்பு, வெள்ளை. சாத்வீகப் பாத்திரத்துக்குப் பச்சை. கதகளியில் 'பச்ச' வேடம் போடுவதும் இதே கணக்கு. பத்மநாபபுரம் அரண்மனை மேல்மாடியில் பழைய ஓவியங்கள் இருக்கின்றன, எல்லையோரத்துக்காரர்கள் எல்லோரும் ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

வாசிக்க முடியாத எழுத்துதான் எனக்குப் பிடித்த இடம். அது கே.சி.எஸ். பணிக்கர் காட்டிய வழி. 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர், சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர், 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை நிறுவியவர். 1960களில் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையை வரைந்தார். மலையாள எழுத்து மாதிரி இருக்கும், ஆனால் வாசிக்க முடியாது. கணக்குச் சூத்திரம், ஜாதகக் கட்டம், மீன், பறவை எல்லாம் கலந்திருக்கும். பொருளை ஒளித்து வைப்பதற்காக அவர் அப்படி வரையவில்லை. எழுத்தின் அழகைப் பொருளில் இருந்து பிரித்துக் கண்ணுக்குக் கொடுத்தார். திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் அவர் பெயரில் காட்சியகம் இருக்கிறது. எங்கள் சுவரை வரைந்த மாணவர்கள் அங்கே போய் வந்த பிறகுதான் தூரிகையை எடுத்தார்கள்.

அவரிடம் படித்தவர் கானாயி குஞ்ஞிராமன். நம் மலம்புழையில் 1969இல் 'யட்சி'யைச் செய்தவர். கால் நீட்டி, ஆடையின்றி, மலையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரிய உருவத்துக்கு அப்போது எவ்வளவு எதிர்ப்பு! இன்று அணைக்கு வருபவர்கள் குடும்பத்தோடு நின்று படம் எடுக்கிறார்கள். அதற்கும் என்னென்னவோ மறைபொருள் சொன்னார்கள். சிலை எதையும் மறைக்காமல் உட்கார்ந்திருக்கிறது. பார்ப்பவர்கள்தான் பார்க்க மறுத்தார்கள்.

எங்கள் சுவருக்கு மேல் கல்லூரி விழாவுக்காக வெள்ளையடித்துவிட்டார்கள். வரைந்தவர்கள் பெயர் எங்கும் பதியவில்லை. எனக்கு ஆறாத விஷயம் அது. முத்திரையையாவது சான்றிதழில் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

ஏலப்பாறை

தங்கச்சி, அந்தச் சுவரின் படம் யாரிடமாவது இருந்தால் இங்கே போடு. வரைந்தவர்களைக் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் மட்டும் பெயரோடு.

மறைபொருள்

இந்த இழைக்கு வரும்போது நான் தேடியது வேறு. இப்போது எனக்கு ஒரு கேள்விதான் பாக்கி. வாசகத்தைத் தேர்ந்தெடுத்த கூட்டத்தின் குறிப்புகள் பல்கலைக்கழகங்களில் இருக்க வேண்டும் அல்லவா? முழுச் சுலோகமும் அவர்கள் முன் இருந்ததா, வேறு எந்த வாசகங்களைப் பரிசீலித்தார்கள் என்று அதில் தெரியுமே. அதை எப்படிப் பெறுவது?

கொழிஞ்சாம்பாறையான்

தம்பி, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் பொதுத் தகவல் அலுவலர் உண்டு. 10 ரூபாய்க் கட்டணம், கேரளத்தில் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். "ஏன்" என்று கேட்டால் பதில் வராது, ஆவணத்தைக் கேட்க வேண்டும். நான் எழுதி வைத்திருப்பது:

முத்திரையையும் வாசகத்தையும் ஏற்றுக்கொண்ட தீர்மானத்தின் நகல். அதற்கு முன் நடந்த கூட்டக் குறிப்புகளின் நகல். முத்திரையின் அதிகாரபூர்வ விளக்கம், வரைந்தவர் பெயர் ஆவணத்தில் இருந்தால் அதுவும்.

கேரளத்தில் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசுக்கு எழுத இடம் தருகிறது. பல்கலைக்கழகம் அதை எப்படி எடுத்துக்கொள்ளுமோ என்று தயங்க வேண்டாம். தமிழில் எழுதி, மலையாளப் படியையும் சேர்த்து அனுப்புவோம். திருவனந்தபுரத்துக்குப் பாறசாலை அண்ணாச்சி, கோட்டயத்துக்கு ஏலப்பாறை டீச்சர், காலிகட்டுக்கு நான். விசாகப்பட்டினத்துக்கு நகரி அண்ணா தெலுங்கில் எழுதித் தருவார் என்று நினைக்கிறேன். மறைபொருள் தம்பி, சென்னைக்கு நீங்கள் அனுப்புங்கள். சுவர்க்காவி சொன்ன சுவருக்குத் தனி இழை திறந்திருக்கிறேன், ஓவியங்களை அங்கே தொடரலாம்.

நகரிக்காரர்

தெலுங்கில் எழுதிவிட்டேன். திங்கட்கிழமை பதிவுத் தபாலில் போகும். பதில் வந்ததும் பக்கங்களை இங்கேயே ஏற்றுகிறேன்.